கடைசி மூன்று பாரா

அபிராமபுரத்தில் அந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஓடும் மதில் சுவர், கொல்லைப்புறம் வந்ததும் ஒரு கிணற்றின் மேல் ஏறி அதன் வாய்க்குக் குறுக்கே நிற்கும். பாதி வாய் இந்த வீட்டுக்கு, பாதி அந்த வீட்டுக்கு. இந்தப் பக்கம் ஒரு ராட்டினம், அந்தப் பக்கம் ஒரு ராட்டினம். பாகம் பிரித்த அப்பா, பத்திரத்தில் ‘கிணறு இருவருக்கும் பொது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அவர் வக்கீல் வேறு. ஊரார் பிள்ளைகளைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும், தன் பிள்ளைகளைப் பற்றித்தான் போதாது.

மூத்தவர் சுந்தரராமன், கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு இங்கிலீஷ் சொல்லைக் கையில் கொடுத்தால் போதும், அது பிரெஞ்சுக்காரன் வீட்டில் என்ன பெயரில் இருந்தது, லத்தீனில் யாருக்குப் பிறந்தது என்று ஜாதகமே கணித்துவிடுவார். இளையவர் பத்ரிநாராயணன் பத்து வயது சின்னவர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பத்தைந்து வருஷம் மற்றவர்களின் சாவுக்கு ஃபாரம் நிரப்பிவிட்டு வெளியே வந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்பதற்குத் தெருவில் நாலு காரணம் உண்டு, நாலும் பொய்யாக இருக்கலாம்.

எண்பத்தேழு கோடையில் சண்டை வந்தது. பத்ரிநாராயணன் தன் பாதியில் மோட்டார் போட்டார். ஸ்விட்சைத் தட்டினால் இவர் மாடித் தொட்டி நிரம்பும், அந்தப் பக்கம் அண்ணா மனைவி, மன்னி கோமளம் இறக்கின வாளி சேற்றில் போய் உட்காரும். ஒரு நாள் சுந்தரராமன் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “பத்ரி, எங்க பாதியையும் சேர்த்து நீயே உறிஞ்சிண்டா நாங்க என்னடா பண்றது?” என்றார். கோபமாகக்கூட இல்லை. பத்ரிநாராயணன் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு, “எது உங்க பாதின்னு தண்ணியில ஒரு கோடு போட்டுக் காமிங்கோ, அதை நான் தொடலை” என்றார்.

தெருவில் அந்த வாக்கியம் ரொம்ப நாள் ஓடியது. சொன்னவருக்கே அன்றைக்கு அது பிடித்துத்தான் இருந்தது, கண்ணாடியில் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார் என்றுகூடக் கேள்வி. அதன் பிறகு ஆறு வருஷம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. நவராத்திரிச் சுண்டல் நாலு வீடு சுற்றிப் போகுமே தவிர அடுத்த வீட்டுக் கேட்டுக்குள் போகாது.

பேச்சுத்தான் இல்லை. சேதி போய்க்கொண்டுதான் இருந்தது. இரண்டு வீட்டிலும் பாத்திரம் தேய்த்தவள் செண்பகம் ஒருத்திதான். அதைவிட முக்கியம், சனிக்கிழமை பேப்பர். பேட்டை முழுக்க கேட் கேட்டாக வீசிவிட்டுப் போவார்களே, நாலு பக்கம் விளம்பரமும் ஓரத்தில் கொஞ்சம் கச்சேரிச் செய்தியுமாக ஒரு இலவச இங்கிலீஷ் வாரப் பத்திரிகை, அது. ஓய்வு பெற்ற கையோடு பத்ரிநாராயணன் அதில் வாரம் ஒரு சொல்லை எடுத்து அதன் பூர்வீகம் எழுத ஆரம்பித்தார். சரக்கு யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். சின்ன வயதில் அண்ணா சாப்பாட்டு இலையில் உட்கார்ந்து சொன்னதையெல்லாம் தம்பி இப்போது பேப்பரில் பரிமாறுகிறார் என்று பார்க்கில் நடக்கிறவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். எழுத்தில் ஒரு வழக்கமும் உண்டு. முதல் இரண்டு பாராவில் விஷயம், நடுவில் தெருக்கிண்டல், கடைசியில் ஒரு அசட்டு ஜோக்.

“பெரியய்யா ஒன் பேப்பரை வச்சிக்கினு செவப்புப் பென்சில்ல கோடு கோடா இழுத்துக்கினு கீறாரு” என்று செண்பகம் முதல் முறை வந்து சொன்ன நாள் பத்ரிநாராயணனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தப்பு என்ன என்று அவளைக் கேட்கவா முடியும்? “எவ்ளோ கோடு?” என்று மட்டும் கேட்டார்.

“நான் இன்னாத்தக் கண்டேன், எனக்கு எய்த்தா தெரியும்? ஒரு பத்து இருக்கும்.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் கோட்டுக் கணக்கு வந்தது. ஏழு. ஐந்து. ஒரு வாரம் இரண்டே இரண்டு. அந்த வாரம் மனிதர் தானாகவே கற்பகாம்பாளுக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். தான் எழுதுவது ஊருக்கல்ல, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரே ஒரு பென்சிலுக்கு என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை, எல்லாருக்கும் தெரியும்.

தொண்ணூற்று மூன்று ஆடி. மெட்ராஸில் தண்ணீர் என்பது லாரியில் வரும் பொருளாகி மாசக் கணக்காகிவிட்டது. தெருமுனைக் கறுப்புத் தொட்டியில் குடங்கள் வரிசையாக நிற்க, எந்தக் குடம் யாருடையது என்று பெண்கள் சத்தியம் செய்துகொண்டிருந்தார்கள். பாதிக் கிணறு இரண்டும் சேர்ந்து ஒரு முழம் உப்புத் தண்ணீர் காட்டியது. அந்தச் சமயத்தில்தான் செண்பகம் கோட்டுக் கணக்கை நிறுத்தினாள்.

“பென்சில் புடிக்க எங்க தெம்பு கீது? ஆஸ்பத்திரில வெச்சிக்கினு பிரயோசனம் இல்லன்னு வூட்டாண்ட அனுப்சிட்டாங்க. கல்லீரலாம். கஞ்சி கூட எறங்கல. அம்மா சமயக்கட்டுல போய்ப் போய் அயுதுகினு கீறாங்க.”

“டாக்டர் என்ன சொல்றாராம்?”

“பத்து நாளு, பதினஞ்சு நாளுன்றாரு.” துடைத்த பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு அவள் நிமிர்ந்தாள். “நீ ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்தா இன்னா தேஞ்சா பூடுவே?”

தேயத்தான் மாட்டார். ஆனால் கூப்பிடாமல் எப்படிப் போவது? போய், அண்ணா முகத்தைத் திருப்பிக்கொண்டால்? ஆறு வருஷத்தில் பத்ரிநாராயணன் இந்தக் கேள்வியை எல்லாப் பக்கமும் புரட்டிப் பார்த்திருக்கிறார், ஒவ்வொரு முறையும் அது கேட்டுக்கு இந்தப் பக்கமே முடியும். இப்போது பத்து நாள்தான் இருக்கிறது. அண்ணா உயிரோடு இருக்கும்போது ஒரே ஒரு தடவை அந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்காரவேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? டைப்ரைட்டர். வேறொருவனாக இருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பான்.

அந்த வாரத்துக்கு ‘ரைவல்’ என்ற சொல்லை எடுத்தார். எதிரி, போட்டியாள். இதன் பூர்வீகத்தை அண்ணா சொன்னது ஒரு ஆவணி அவிட்டத்தன்று, பாயசத்துக்கும் மோருக்கும் நடுவில். லத்தீனில் ‘ரீவுஸ்’ என்றால் ஓடை. ஒரே ஓடையில் தண்ணீர் எடுக்கும் இரண்டு கரைக்காரர்கள் ‘ரீவாலிஸ்’. பாத்தியதை யாருக்கு, முறை யாருக்கு என்று அவர்கள் அடித்துக்கொண்ட அடியில்தான் அந்த வார்த்தைக்கு இன்றைய அர்த்தம் ஏறியது. ரோமாபுரி வக்கீல்கள் அந்தத் தகராறுகளை உட்கார்ந்து எழுதிவைத்திருக்கிறார்கள்.

முதல் பாதி கடகடவென்று வந்தது. கறுப்புத் தொட்டி, குடச்சண்டை, லாரி டிரைவரிடம் பல்லிளிக்கும் ரிடையர்டு ஜட்ஜ் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துவிட்டார். ‘சண்டைக்கு ஆள் வேண்டுமென்றால் கடல் தாண்டிப் போகவேண்டாம். உங்கள் தண்ணீரில் யாருக்குப் பங்கு இருக்கிறது என்று பாருங்கள், அவன்தான்’ என்று எழுதிவிட்டு நிறுத்தினார். ஒரு காப்பி குடித்தார். பிறகு கடைசி மூன்று பாராவை எழுத ஒரு பகல் முழுக்க ஆயிற்று.

அதில் இருந்தது இதுதான். சொல் பிறந்தபோது அதில் பகை கிடையாது. ஒரே தண்ணீரைக் குடிக்கிறவர்கள், அவ்வளவே. இங்கிலீஷிலேயே ஒரு காலத்தில் அதைக் கூட்டாளி என்ற பொருளில் வழங்கியிருக்கிறார்கள். பங்குதான் முதலில் வந்தது, சண்டை பின்னால் ஒட்டிக்கொண்டது. இதை எழுதுகிறவனுக்கும் ஒரு கிணற்றில் பாதி உண்டு. மற்றப் பாதிக்காரர் நியாயமாக ஒரு கேள்வி கேட்டார், இவன் அதற்குக் குதர்க்கமாகப் பதில் சொன்னான். மோட்டாரைக் கழற்றியாயிற்று. இந்தப் பத்தியில் மூன்று வருஷமாக வந்ததெல்லாம் அவர் போட்ட சாதம். அவர் கூப்பிட்டால் இவன் வருவான்.

ஜோக் இல்லை. முதல் தடவையாக ஜோக் இல்லாமல் முடித்தார்.

மன்னிப்பை ஏன் கடைசியில் வைத்தார் என்று கேட்டால் வெட்கம்தான் காரணம். முதல் வரியிலேயே தலை குனிந்தால் தெரு முழுக்கப் பார்க்கும். முதலில் கொஞ்சம் லத்தீன், கொஞ்சம் சிரிப்பு, அப்புறம் பாதிப் பேர் படிப்பதை விட்டுவிட்டு ஆடித் தள்ளுபடி விளம்பரத்துக்குத் தாவிய பிறகு, ஆள் இல்லாத இடத்தில் குனிந்துகொள்ளலாம். அண்ணா கடைசிவரை படிப்பார். அவர் மட்டும் படித்தால் போதும்.

சனிக்கிழமை காலை பேப்பர் விழுந்தது. பத்ரிநாராயணன் நின்ற இடத்திலேயே பிரித்தார். ‘அவன்தான்’ என்பதோடு கட்டுரை முடிந்திருந்தது. அதற்குக் கீழே, தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றின் பட்டுப்புடவைக்காரி கைகூப்பிக்கொண்டு நின்றாள்.

மந்தைவெளி ஆபீஸுக்கு போன் போட்டார். ஆசிரியர் தனபாலனே எடுத்தார். ஆசிரியர், விளம்பரம் பிடிக்கிறவர், பக்கம் ஒட்டுகிறவர் எல்லாம் அவர் ஒருத்தர்தான். தூத்துக்குடிப் பக்கத்து மனிதர்.

“ஸார், நான் என்ன ஸார் செய்ய? கால் பக்கம்னு சொன்னவன், வியாழக்கிழமை சாயங்காலம் அரைப் பக்கமாக்குன்னுட்டான். ஆடி ஸார். விளம்பரத்தை ஒட்டிட்டு மிச்ச எடத்துலதான மேட்டரு. இடிச்சா அடியிலேர்ந்து பிளேடால வெட்டுவோம், ஒங்களுக்குத் தெரியாததா?”

“கடைசி மூணு பாரா தனபாலன். அதுக்காகத்தான் நான் முழுசையும் எழுதினேன்.”

“ஒங்க கட்டுரையில அடியில எப்பவும் ஒண்ணும் இருக்காதுல்லா ஸார்” என்றார் தனபாலன், நிஜமான வருத்தத்தோடு. “அந்தத் தைரியத்துலதான் படிக்காமலே வெட்டிட்டேன்.”

பத்து மணிக்குச் செண்பகம் வந்தாள். விளக்குமாற்றைக்கூட எடுக்கவில்லை.

“இன்னா எய்தி வெச்சே நீ? அம்மா படிச்சிக் காட்டுனாங்க. பெரியய்யா கண்ண மூடிக்கினு கேட்டாரு. முடிஞ்சதும் ‘அவ்ளோதானா’ன்னாரு. அம்மா ‘அவ்ளோதான்’னாங்க. அப்டியே செவுத்தாண்ட திரும்பிக்கினாரு. சாகப்போற மன்சனாண்ட இன்னாத்துக்கு நைனா வம்பு?”

பத்ரிநாராயணன் கார்பன் காப்பியை எடுத்து நாலாக மடித்தார். சட்டை மாற்றிக்கொண்டார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அடுத்த வீட்டுக் கேட்டுக்கு முன்னால் போய் நின்றார். பதினெட்டு அடி தூரம். எதிர்ப்பக்க வீடுகளில் மூன்று ஜன்னல்களாவது அந்த நேரம் பார்த்துத் தூசி தட்டப்பட்டன.

மன்னி வெளியே வந்தாள். தலைமுடி முழுக்க வெளுத்துவிட்டது, இவருக்குச் சுவருக்கு மேலே பார்த்ததில் அது தெரிந்திருக்கவில்லை.

“தூங்கறார்” என்றாள், கேட்கும் முன்பே.

“மன்னி, பேப்பர்ல பாதிதான் வந்திருக்கு. வெட்டிட்டா. மீதி இதுல இருக்கு.”

“அப்படியா?”

“முழிச்சுண்டதும் இதை வாசிச்சுக் காட்டணும். அதுல வந்தது நான் சொல்ல வந்ததே இல்லை. இதுதான்.”

அவள் காகிதத்தை வாங்கிக்கொண்டாள். பிரிக்கவில்லை. இன்னொரு கை கேட்டின் தாழ்ப்பாள் மேல் இருந்தது. இவர் அந்தக் கையைப் பார்த்தார். ‘உள்ள வா பத்ரி’ என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், போய்விடலாம். அவள் இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் லாரி ஒன்று தெருவில் திரும்பி, ஹாரன் அடித்து, குடங்கள் ஓடி, இரைச்சல் எல்லாம் அடங்கும்வரை இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

“வேற ஏதாவது?” என்றாள் கோமளம்.

“இல்லை. இதுதான்.”

“சரி.”

திரும்பி வந்து கூடத்தில் உட்கார்ந்தார். கூப்பிடுவார்கள் என்று சட்டையைக் கழற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதே சட்டையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை செண்பகத்திடம், “மன்னி ஒரு காகிதம் வெச்சிருந்தாளே, வாசிச்சாளா?” என்று கேட்டார். தான் பார்க்கவில்லை, பிரிட்ஜ் மேல் மடித்தபடியே இருக்கிறது என்றாள் அவள். மன்னிக்கு இன்னும் கோபம் போலிருக்கிறது என்று இவர் தீர்மானித்துக்கொண்டார். கோபம் ஆறட்டும், நாளைக்குப் பார்க்கலாம்.

செவ்வாய்க்கிழமை விடிந்து ஒரு மணி நேரத்தில் சுந்தரராமன் போய்விட்டார்.

அதற்கப்புறம் கேட் பிரச்சினையே இல்லை. குழந்தை இல்லாத மனிதருக்குக் கொள்ளி வைக்கத் தம்பிதானே கர்த்தா? காரியம் பண்ண வந்த வாத்தியார் கூப்பிட்டார், பத்ரிநாராயணன் ஈர வேட்டியோடு உள்ளே போனார். கட்டில் அதற்குள் மடக்கிச் சாத்தப்பட்டிருந்தது. மயிலாப்பூர் மயானத்தில் கொள்ளி வைத்துவிட்டு வந்து, பத்து நாளும் அந்த வீட்டிலேயே இருந்தார். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டார். கோடு போட்ட பேப்பர்கள் கண்ணில் பட்டுவிடுமோ என்று அண்ணாவின் அலமாரிப் பக்கம் மட்டும் போகவில்லை.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. பேப்பர் வந்தது. தனபாலன் நல்ல மனிதர், செய்த தப்புக்குப் பிராயச்சித்தமாக அந்த மூன்று பாராவையும் முதல் பக்கத்திலேயே கறுப்புக் கட்டம் கட்டிப் போட்டிருந்தார். மேலே சுந்தரராமனின் பழைய போட்டோ. ‘தம்பியின் அஞ்சலி’ என்று தலைப்பு வேறு.

காலை முழுக்கத் துக்கம் கேட்க வந்தவர்கள் ஒவ்வொருவர் கையிலும் அது இருந்தது. ரிடையர்டு ஜட்ஜ் இவர் தோளைத் தட்டி, “என்ன எழுத்து ஓய்! எங்காத்துல அவள் அழுதுட்டாள்” என்றார். பார்க்கில் நடக்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்து வந்தார்கள். “இருந்தவரைக்கும் வைதார், போனதும் கறுப்புக் கட்டம் கட்டி அழறார்” என்று அதில் ஒருவர் செருப்பை மாட்டும்போது அடுத்தவரிடம் சொன்னது கூடம்வரை கேட்டது. பத்ரிநாராயணன் நிமிரவில்லை. எந்தத் தேதியில் எழுதினார் என்று யாரிடம் போய் நிரூபிப்பது?

பன்னிரண்டு மணிக்குமேல் கூட்டம் வடிந்தது. கோமளம் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

“மன்னி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் கொடுத்த காகிதத்தை அண்ணாவுக்கு வாசிச்சேளா?”

“இல்லை.”

அவர் தலையை ஆட்டினார். “என் மேல உங்களுக்கு அவ்வளவு கோபம்.”

“கோபமா? எனக்கா?” அவள் குரலில் ஆச்சரியம்தான் இருந்தது. “நான் எடுத்துண்டு போய்ப் பிரிச்சேன். அவர்தான் வேண்டாம்னார். சனிக்கிழமை நான் படிச்சு முடிச்சதுமே அவருக்குத் தெரிஞ்சுடுத்து. ‘இவன் கடைசியில அசடாட்டம் ஒரு ஜோக் வெப்பானே, அதைக் காணும். வெட்டிட்டான்கள். மீதி எங்கேயோ இருக்கு’ன்னார். நீ வந்து குடுத்துட்டுப் போனேன்னதும், ‘மடிச்சு வை கோமளம், காகிதம் வேண்டாம். வாசல்வரைக்கும் வந்தவன் உள்ள வரமாட்டானா? அவன் வாயாலயே சொல்லட்டும்’னார்.”

பத்ரிநாராயணன் கேட் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“நானும் தாழ்ப்பாள்ல கையை வெச்சுண்டு நின்னேனே பத்ரி. இந்த ஆத்துக்கு நான் வந்தப்போ உனக்குப் பதினாலு வயசு. வரட்டுமா மன்னின்னு நீ கேட்டா மாட்டேன்னா சொல்லப்போறேன்? வேற ஏதாவதுன்னு வாயை விட்டுக் கேட்டேன். இல்லைன்னுட்டே.”

“நீங்க கூப்பிடுவேள்னு நின்னேன் மன்னி.”

“நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமை, கேட் சத்தம் கேக்கறப்போல்லாம் ‘யாரு, அவனா?’ம்பார். பால்காரன்னுவேன். செண்பகம்னுவேன். கேஸ்காரன்னுவேன். திங்கட்கிழமை சாயங்காலத்துக்கு மேல கேக்கலை.”

வாசலில் செருப்புச் சத்தம். ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து யாரோ தம்பதி, கையில் மடித்த பேப்பரோடு தயங்கி நின்றார்கள். கோமளம் எழுந்து, “வாங்கோ, உள்ள வாங்கோ” என்றாள்.